வீட்டு நீச்சல் குளப் பராமரிப்பு

வீட்டு நீச்சல் குளப் பராமரிப்பு என்பது வீட்டு வளாகத்தில் அமைந்த நீச்சல் குளத்தின் நீரை நோய்க்கிருமிகள் இன்றியும் தெளிவாகவும் வைத்திருப்பதும், அக்குளத்தால் எவருக்கும் உயிரிழப்போ காயமோ நேராதபடி காப்பதும் ஆகும். ஆறு, கிணறு போன்றவற்றில் நீர் ஓடியோ ஊறியோ புதுப்பிக்கப்படுகிறது. நீச்சல் குளத்திலோ ஒரே நீர் பல மாதங்கள், சில இடங்களில் பல ஆண்டுகள் தங்கிவிடுகிறது. குளிப்பவர்களின் வியர்வை, தோல் செதில்கள், தலை எண்ணெய், சிறுநீர், காற்றில் வரும் தூசி, இலை, பறவைகளின் எச்சம் ஆகிய யாவும் அதில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே நீரைச் சுழற்றுதல், வடிகட்டுதல், தொற்றுநீக்குதல் ஆகிய மூன்றும் தொடர்ந்து நடைபெற வேண்டும்.

தெளிவான நீர் தூய்மையான நீர் என்று கருதுவது பரவலான தவறு. வடிகட்டி நன்றாக இயங்கும் குளத்தில் குளோரின் முற்றிலும் தீர்ந்த பின்னரும் ஓரிரு நாட்கள் நீர் பளிங்குபோல் தோன்றக்கூடும். கிருமிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. சோதனைப் பெட்டி ஒன்றே அவற்றுக்கெதிரான பாதுகாப்பின் அளவைக் காட்டும். மறுபுறம், கலங்கிய நீரில் கிருமிகள் இல்லாவிட்டாலும் அது ஆபத்தானதே. அடியில் மூழ்கிக் கிடக்கும் ஒரு குழந்தை மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஆழமான பகுதியின் அடித்தரையிலுள்ள வடிகால் மூடி கரையிலிருந்து தெளிவாகத் தெரியவில்லை எனில் குளத்தை மூடிவிட வேண்டும் என்பது எங்கும் பின்பற்றப்படும் விதி.

நீரின் கொள்ளளவு

எந்த வேதிப்பொருளை எவ்வளவு இடுவது என்பதற்கு அடிப்படை, குளத்தின் கொள்ளளவு. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக 1.5 மீட்டர் ஆழம் கொண்ட செவ்வகக் குளத்தில் 48 கன மீட்டர், அதாவது 48,000 லிட்டர் நீர் இருக்கும். வேதிப்பொருட்களின் செறிவு ஒரு லிட்டர் நீரில் உள்ள மில்லிகிராம் அளவில் (மி.கி./லி.) குறிக்கப்படுகிறது. பொதிகளின் மேல் காணப்படும் பி.பி.எம். என்ற அலகும் நடைமுறையில் இதுவே.

இக்குளத்தில் குளோரின் செறிவை 1 மி.கி./லி. உயர்த்த 48 கிராம் குளோரின் தேவை. 65 விழுக்காடு வீரியமுள்ள கால்சியம் ஐப்போகுளோரைட்டுத் தூள் எனில் ஏறத்தாழ 74 கிராம் வேண்டும். லிட்டருக்கு 100 கிராம் குளோரின் கொண்ட சோடியம் ஐப்போகுளோரைட்டு நீர்மம் எனில் 480 மில்லிலிட்டர் போதும். நீர்மக் குளோரின் வெயிலிலும் வெப்பத்திலும் வீரியம் இழக்கும். ஆகவே கடையில் பல மாதங்கள் கிடந்த கேனுக்கு இக்கணக்கு பொருந்தாது. சாதாரண பிளீச்சிங் பவுடரிலும் குளோரின் உண்டு. ஆயினும் அதன் பெரும்பகுதி சுண்ணாம்பாக இருப்பதால் நீரைக் கலக்கிவிடும், பி.எச். மதிப்பையும் கூட்டும்.

சுழற்சியும் வடிகட்டலும்

மேற்பரப்பில் மிதப்பவை ஸ்கிம்மர் எனப்படும் பக்கவாட்டுத் திறப்பு வழியாகவும், கீழ்நீர் அடித்தரை வடிகால் வழியாகவும் ஏற்றியால் (பம்பு) இழுக்கப்பட்டு, வடிகட்டியைக் கடந்து மீண்டும் குளத்துக்குள் வருகின்றன. குளத்தின் கொள்ளளவுக்குச் சமமான நீர் ஒருமுறை வடிகட்டியைக் கடக்க எடுக்கும் நேரம் சுழற்சி நேரம் ஆகும். வீட்டுக் குளங்களுக்கு இது பெரும்பாலும் 8 மணி நேரம் என வடிவமைக்கப்படுகிறது. மேற்கூறிய குளத்துக்கு மணிக்கு 6 கன மீட்டர் ஓட்டம் தேவை. மின்கட்டணத்தை மிச்சப்படுத்த ஏற்றியை நாளுக்கு ஓரிரு மணி நேரம் மட்டும் ஓட்டுவோர் உண்டு. அதனால் மிஞ்சும் பணம் பின்னர் பாசியை அகற்றச் செலவாவதே வழக்கம்.

மணல் வடிகட்டி மிகப் பரவலானது. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அளவுள்ள மணல், 20 முதல் 40 மைக்ரான் வரையிலான துகள்களைப் பிடித்துக்கொள்ளும். அழுக்குச் சேரச் சேர வடிகட்டியின் அழுத்தமானி உயரும். தூய நிலையில் இருந்த அழுத்தத்தைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை கூடும்போது நீரை எதிர்த்திசையில் செலுத்தி அழுக்கை வெளியேற்ற வேண்டும். சற்றே அழுக்கேறிய மணல் புது மணலைவிட நுண்ணிய துகள்களைப் பிடிக்கும் என்பதால், அழுத்தம் கூடாதபோது நாள்தோறும் கழுவுவது நீரை வீணாக்குவதோடு வடிகட்டலையும் கெடுக்கும்.

எவ்வளவு நல்ல ஏற்றி இருந்தாலும் நீர் அசையாத மூலைகள், படிக்கட்டின் அடி, ஏணியின் பின்புறம் ஆகியவை எஞ்சும். வாரம் ஒருமுறையேனும் சுவர்களைத் தூரிகையால் தேய்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

குளோரினும் பி.எச். மதிப்பும்

எந்த வடிவில் இட்டாலும் குளோரின் நீரில் ஐப்போகுளோரசு அமிலமாகவும் ஐப்போகுளோரைட்டு அயனியாகவும் இருக்கும். இவ்விரண்டில் கிருமிகளை விரைந்து கொல்வது அமிலமே; அயனி பல மடங்கு வலிமை குறைந்தது. எது எவ்வளவு இருக்கும் என்பதை பி.எச். மதிப்பு தீர்மானிக்கிறது. 25 பாகை செல்சியசில் பி.எச். 7.5 எனில் ஏறக்குறையப் பாதி அமிலமாக இருக்கும். 7.0 இல் அது நான்கில் மூன்று பங்கு, 8.0 இல் நான்கில் ஒரு பங்கு மட்டுமே. ஆகவே குளோரின் அளவை மட்டும் சோதித்து பி.எச். மதிப்பைப் பார்க்காமல் விடுவது பாதிச் சோதனையே. ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பி.எச். மதிப்பு 7.0 முதல் 7.8 வரை இருக்க வேண்டும் எனவும், தனிக் குளோரின் குறைந்தது 1 மி.கி./லி., சயனூரிக் அமிலம் பயன்படுத்தப்படும் குளங்களில் குறைந்தது 2 மி.கி./லி. இருக்க வேண்டும் எனவும் பரிந்துரைக்கிறது.

பி.எச். கூடும்போது ஐதரோகுளோரிக் அமிலமும் குறையும்போது சோடியம் கார்பனேட்டும் இடப்படுகின்றன. இம்மதிப்பு சிறு காரணங்களுக்கெல்லாம் ஏறியிறங்காமல் தாங்குவது நீரின் மொத்தக் காரத்தன்மை. அது 80 முதல் 120 மி.கி./லி. வரை இருப்பது நன்று. குறைந்தால் சோடியம் பைகார்பனேட்டு, அதாவது ஆப்பசோடா இடலாம். மேற்கண்ட குளத்தில் காரத்தன்மையை 10 மி.கி./லி. உயர்த்த ஏறத்தாழ 800 கிராம் வேண்டும்.

கால்சியக் கடினத்தன்மை மிகக் குறைந்தால் நீர் சுவரின் சிமெண்டுப் பூச்சிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். மிகக் கூடினால் ஓடுகளிலும் குழாய்களிலும் வெண்படிவாகப் படியும். இச்சமநிலையைக் கணக்கிடும் இலாங்கலியர் சுட்டெண் 1936 இல் குடிநீர்க் குழாய்களின் அரிப்பைத் தடுக்கும் பொருட்டு உருவானது. தமிழகத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினநீராகவும் சில இடங்களில் இரும்பு மிகுந்தும் உள்ளது. இரும்புள்ள நீரில் குளோரின் இட்டதும் நீர் செம்பழுப்பாக மாறுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கரைந்திருந்த இரும்பு ஆக்சிசனேற்றம் அடைந்து வெளிப்படுகிறது. வடிகட்டியில் அது பிடிபடும்.

சயனூரிக் அமிலம்

வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள் குளோரினைச் சிதைக்கின்றன. திறந்தவெளிக் குளத்தில் நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பாதிக் குளோரின் அழிந்துவிடக்கூடும். இதைத் தடுக்க நிலைநிறுத்தியாகச் சயனூரிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. அது குளோரினைத் தளர்வாகப் பிணைத்து வைத்து, சிறிது சிறிதாக விடுவிக்கும். 30 முதல் 50 மி.கி./லி. வரை இதற்குப் போதுமானது.

பிணைக்கப்பட்ட குளோரின் கிருமிகளைத் தாக்காது. ஆகவே சயனூரிக் அமிலம் மிகுந்தால், சோதனையில் குளோரின் சரியாகக் காட்டும்போதே அதன் வேகம் வெகுவாகக் குறைந்திருக்கும். மிதவைப் பெட்டியில் இடப்படும் டிரைகுளோர் மாத்திரைகளில் இச்சிக்கல் மறைந்துள்ளது. அவை தரும் ஒவ்வொரு 10 மி.கி./லி. குளோரினுக்கும் ஏறக்குறைய 6 மி.கி./லி. சயனூரிக் அமிலம் நீரில் சேர்கிறது. நாளுக்கு 2 மி.கி./லி. குளோரின் செலவாகும் குளத்தில் இது மாதத்துக்கு 36, மூன்று மாதங்களில் 108 மி.கி./லி. ஆகும். குளோரின் ஆவியாகவோ சிதையவோ செய்யும். இது அப்படியே தங்கும். நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் விடுவதே வழக்கமான தீர்வு. குளோரின் குறையாத குளம் பச்சையாவது ஏன் என்று குழம்பும் வீட்டார் முதலில் அளந்து பார்க்க வேண்டியது இதைத்தான்.

குளோரின் நெடி

நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி வீசினால் குளோரின் மிகுந்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அந்நெடி பெரும்பாலும் குளோரமீன்களுடையது. குளோரின் வியர்வை, சிறுநீர் ஆகியவற்றிலுள்ள நைதரசன் சேர்மங்களுடன் வினைபுரிந்து அவற்றை உண்டாக்குகிறது. கண் சிவப்பதற்கும் இருமலுக்கும் அவை காரணமாகின்றன. இவ்வாறு கட்டுண்ட குளோரினின் தொற்றுநீக்கும் ஆற்றல் குறைவு. நெடி வீசும் குளத்துக்குத் தேவை பெரும்பாலும் கூடுதல் குளோரினே. கட்டுண்ட குளோரின் அளவைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு தனிக் குளோரின் ஒரே தவணையில் இடப்பட்டால் குளோரமீன்கள் சிதைந்துபோகும். அளவு மீண்டும் இயல்புக்கு வரும்வரை எவரும் இறங்கக்கூடாது. குளத்தில் இறங்குமுன் ஒரு நிமிடம் உடலைக் கழுவிக்கொண்டால் இவ்வேலையின் பெரும்பகுதி மிஞ்சும்.

சோதனை

டி.பி.டி. எனப்படும் வினைபொருள் தனிக் குளோரினுடன் இளஞ்சிவப்பு நிறம் தரும். அடுத்த மாத்திரையை இட்டால் மொத்தக் குளோரின் தெரியும். இரண்டின் வேறுபாடு கட்டுண்ட குளோரின். பழைய பெட்டிகளில் உள்ள, மஞ்சள் நிறம் தரும் ஆர்த்தோதொலுடின் மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும். குளோரமீனைக்கூட நல்ல குளோரினாகக் கணக்கிட்டுவிடும்.

டி.பி.டி. முறையிலும் ஒரு பொறி உண்டு. குளோரின் மிகமிகக் கூடுதலாக இருந்தால் அது நிறத்தையே வெளுத்துவிடும். நிறம் தோன்றவில்லை என்று குளோரின் மேலும் மேலும் கொட்டப்படுவது இதனால் நேரும் தவறு. ஐயம் எழுந்தால் மாதிரியைக் குளோரின் இல்லாத நீருடன் பத்துக்கு ஒன்றாகக் கலந்து மறுபடி சோதிக்க வேண்டும். மாதிரி நீர் மேற்பரப்பிலிருந்து அல்லாமல், முழங்கை ஆழத்திலிருந்து, நீர் திரும்பி வரும் குழாய்களுக்கு அப்பால் எடுக்கப்பட வேண்டும். குளம் பயன்பாட்டில் உள்ள காலத்தில் குளோரினையும் பி.எச். மதிப்பையும் நாள்தோறும், காரத்தன்மையை வாரம் ஒருமுறை, சயனூரிக் அமிலத்தையும் கடினத்தன்மையையும் மாதம் ஒருமுறை சோதிப்பது போதுமானது.

நோய்க்கிருமிகள்

தனிக் குளோரின் 1 மி.கி./லி., பி.எச். 7.5, வெப்பநிலை 25 பாகை, சயனூரிக் அமிலம் இல்லை என்ற நிலையில் ஈ. கோலை O157 பாக்டீரியம் ஒரு நிமிடத்துக்குள் அழிகிறது. கல்லீரல் அழற்சி ஏ தீநுண்மிக்கு ஏறத்தாழ 16 நிமிடங்களும் சியார்டியாவுக்கு 45 நிமிடங்களும் ஆகின்றன. கிரிப்டோசிபோரிடியம் என்னும் ஒட்டுண்ணியோ தடித்த உறையால் பத்து நாட்களுக்கும் மேல் தாங்கும். வயிற்றுப்போக்கு உடையவர் குளத்தில் இறங்கினால் நாள்தோறும் இடும் குளோரின் மற்றவர்களைக் காக்காது. அத்தகைய ஒருவரால் குளம் அசுத்தமானால், பி.எச். மதிப்பை 7.5 அல்லது அதற்குக் கீழ் வைத்து, தனிக் குளோரினை 20 மி.கி./லி. அளவில் 12 மணி 45 நிமிடங்கள் நிலைநிறுத்த வேண்டும். சயனூரிக் அமிலம் இருந்தால் இதைவிட மிகுந்த நேரம் ஆகும். மிகுதியாக இருந்தால் நீரை மாற்றுவதே எளிது.

நெக்லேரியா ஃபவுலெரி என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்கிறது. மூக்கு வழியே ஏறும் நீருடன் மூளையை அடைந்து, பெரும்பாலும் உயிரைப் பறிக்கும் அழற்சியை உண்டாக்குகிறது. கேரளத்தில் 2024 இலும் 2025 இலும் பதிவான அமீபா மூளை அழற்சி நோய்கள் இதைப் பரவலாக அறியச்செய்தன. முறையாகக் குளோரின் இடப்பட்ட நீரில் இந்த அமீபா பிழைப்பதில்லை. ஆனால் குளோரின் எட்டாத இடம் ஒன்று இருந்தால் போதும். செக்கோசுலோவாக்கியாவின் ஊஸ்தி நாத் லாபெம் நகரில் ஓர் உள்ளரங்கக் குளத்தில் நீந்திய 16 இளைஞர்கள் 1962 முதல் 1965 வரையிலான காலத்தில் இந்நோயால் இறந்தனர். குளத்தின் சுவர் ஒன்றின் பின்னால் இருந்த வெற்றிடத்தில் நீர் தேங்கி அமீபா வாழ்ந்தது பின்னர் கண்டறியப்பட்டது. பெயர்ந்த ஓடுகளையும் விரிசல்களையும் அழகுக்குறையாக மட்டும் எண்ணி விட்டுவிடக்கூடாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

பாசி

பாசி நேரடியாக நோய் தருவது அரிது. எனினும் அது குளோரினை உண்டு தீர்க்கும், படிகளை வழுக்கலாக்கும், அடித்தரையை மறைக்கும். பச்சையான குளத்தைச் சரிசெய்யும்போது முதலில் இலைகளையும் சேற்றையும் வலையால் வாரி எடுத்து, பி.எச். மதிப்பை 7.2 அளவுக்கு இறக்கி, சுவர்களைத் தேய்த்து, மாலையில் மிகுதியான குளோரின் இட்டு, ஏற்றியை இரவு பகலாக ஓட்ட வேண்டும். மாலையில் இடுவது வெயிலின் இழப்பைத் தவிர்ப்பதற்கு. செம்பு கலந்த பாசிக்கொல்லிகள் வேலை செய்தாலும் சுவரில் கறையைத் தரக்கூடும். வெளிர்நிறத் தலைமுடி பச்சையாவது குளோரினால் என்று சொல்லப்படுகிறது; அதற்குக் காரணம் இச்செம்புதான்.

வேதிப்பொருட்களைக் கையாளுதல்

ஐப்போகுளோரைட்டும் அமிலமும் கலந்தால் நச்சான குளோரின் வளிமம் வெளிப்படும். ஒரே வாளியை இரண்டுக்கும் அடுத்தடுத்துப் பயன்படுத்துவது இத்தகைய விபத்துகளுக்கு வழக்கமான காரணம். கால்சியம் ஐப்போகுளோரைட்டும் டிரைகுளோரும் இரண்டுமே குளோரின் தருபவை என்பதால் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று கருதி ஒரே பெட்டியில் இட்டால் தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி, தனி இடம் வேண்டும். அமிலத்தை மேல் தட்டிலும் தூளை அதன் கீழும் வைக்கக்கூடாது.

வேதிப்பொருளை நீரில் இட வேண்டுமே அன்றி, வேதிப்பொருளின் மேல் நீரை ஊற்றக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றின் திசைக்கு முதுகு காட்டி நின்று, ஏற்றி ஓடும்போது இடுவது முறை. குடிநீர்ப் போத்தல்களில் அமிலத்தையோ குளோரினையோ ஊற்றி வைக்கும் வழக்கம் அடியோடு விடப்பட வேண்டியது.

மூழ்குதலைத் தடுத்தல்

உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி 2021 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். இவர்களில் பெரும்பாலோர் ஆறு, குளம், கிணறு போன்ற இடங்களில் இறந்தவர்கள். ஆனால் வீட்டு நீச்சல் குளங்கள் பரவலாக உள்ள ஐக்கிய அமெரிக்காவில் 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளின் இறப்புக்கு மூழ்குதலே முதற்காரணம். அவர்களில் பலர் நீந்தச் சென்றவர்கள் அல்லர்; குளத்தருகே எவரும் இல்லாத வேளையில் வீட்டுக்குள்ளிருந்து நழுவி வந்தவர்கள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. மூச்சுக்குத் திணறும் வாயால் கத்த முடியாது.

ஆகவே முதற் பாதுகாப்பு வேலியே. அது குளத்தின் நான்கு புறமும் 1.2 மீட்டருக்குக் குறையாத உயரத்தில், கம்பிகளுக்கிடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இன்றி அமைய வேண்டும். வீட்டின் சுவரை நான்காம் பக்கமாகக் கொள்வது செலவைக் குறைக்கும். ஆனால் வீட்டுக் கதவு திறந்திருந்தால் வேலி இல்லாததற்குச் சமம். வாயில்கதவு வெளிப்புறமாகத் திறந்து, தானே மூடி, தானே தாழிட்டுக்கொள்ள வேண்டும். வேலியருகே நாற்காலி, பூந்தொட்டி ஆகியவற்றை வைப்பதும் ஏணி வைப்பதும் ஒன்றே. ஆசுத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலத்தில் 1992 ஆம் ஆண்டின் நீச்சல் குளங்கள் சட்டம் தடுப்பைக் கட்டாயமாக்கியது. பிரான்சில் 2003 ஆம் ஆண்டின் சட்டம் வேலி, மூடி, கூரையடைப்பு, எச்சரிக்கை மணி ஆகியவற்றுள் ஒன்றேனும் இருக்க வேண்டும் என்கிறது. குளித்து முடித்ததும் மிதக்கும் பந்துகளையும் பொம்மைகளையும் எடுத்துவிட வேண்டும்; அவையே குழந்தையை மீண்டும் குளத்துக்கு அழைப்பவை.

அடித்தரை வடிகாலின் மூடி உடைந்திருந்தால் ஏற்றியின் உறிஞ்சுவிசை உடலையோ தலைமுடியையோ பிடித்துக்கொள்ளும்; பெரியவர் ஒருவராலும் இழுத்து விடுவிக்க முடியாமல் போகலாம். 2002 இல் வர்சீனியா கிரேம் பேக்கர் என்னும் ஏழு வயதுச் சிறுமி வெந்நீர்த் தொட்டியொன்றின் வடிகாலில் சிக்கி இறந்தாள். அவள் பெயரால் 2007 இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம் பாதுகாப்பான வடிகால் மூடிகளைப் பொதுக் குளங்களில் கட்டாயமாக்கியது. வீட்டுக் குளத்திலும் மூடி தளர்ந்தோ உடைந்தோ இருந்தால் சரிசெய்யும்வரை எவரையும் இறங்கவிடாதிருப்பதும், ஏற்றியை நிறுத்தும் விசை எங்குள்ளது என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருப்பதும் தேவை. நீரடி விளக்குக்கும் ஏற்றிக்கும் செல்லும் மின்சுற்றில் 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இருத்தல் வேண்டும்.

மூழ்கியவரை மீட்டதும் மூச்சு இல்லையெனில் உடனே செயற்கை மூச்சும் மார்பு அழுத்தமும் தொடங்கப்பட வேண்டும். ஆக்சிசன் இன்மையே இங்கு இதயம் நிற்பதற்குக் காரணம் என்பதால் மார்பு அழுத்தம் மட்டும் போதாது. வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் காலத்தை வீணாக்குபவை. தமிழகத்தில் 108, இலங்கையில் 1990 ஆகிய எண்களில் அவசர ஊர்தியை அழைக்கலாம்.

மழைக்காலமும் பயன்படுத்தாக் காலமும்

கனமழையில் குளோரின், காரத்தன்மை, சயனூரிக் அமிலம் ஆகிய யாவும் நீர்த்துப்போகின்றன. தோட்டத்து மண்ணும் அடித்து வரப்படுகிறது. வடகிழக்குப் பருவமழையின்போது ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் முழுச் சோதனை தேவை.

வீட்டார் ஊரில் இல்லாத மாதங்களிலும் சுழற்சியை நிறுத்தக்கூடாது. கைவிடப்பட்ட குளம் கொசுக்களின் நாற்றங்காலாகிவிடும். 2007 இல் கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில் கடன் கட்ட இயலாமல் விடப்பட்ட வீடுகளின் பச்சைக் குளங்களில் கொசுக்கள் பெருகியதும், அவ்வாண்டு அங்கு மேற்கு நைல் காய்ச்சல் மிகுந்ததும் பதிவாகியுள்ளன.

கொசுவுக்கு அஞ்சி மழைக்காலத்தில் குளத்தை முழுவதும் காலி செய்வதும் சரியன்று. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது வெற்றுக் குளத்தைக் கீழிருந்து நீர் மேலே தள்ளும். உள்ளிருந்த நீரின் எடை நீங்கியதால் தரை வெடிப்பதும், குளத்தின் கூடே படகுபோல் சில அங்குலம் மேலெழுவதும் உண்டு. பழுது பார்க்கக் காலி செய்தே ஆகவேண்டுமெனில் கோடையில், அருகிலுள்ள கிணற்றின் நீர்மட்டத்தைப் பார்த்தபின் செய்வது நல்லது. வெளியேற்றும் நீரிலுள்ள குளோரின் முற்றிலும் தணிந்த பின்னரே அதைச் செடிகளுக்கோ மழைநீர் வடிகாலுக்கோ விடலாம். மருந்தின்றி நான்கைந்து நாட்கள் வெயிலில் விட்டுச் சோதித்தால் அது தெரிந்துவிடும்.